எடுத்த சீட்டைத் திரும்பப் போடாவிட்டால்...

(முன்னாள் மாணவர் சங்கத்தின் கூடுகை விழாவில் ஆற்றிய உரை. மலர்க் குழுவினர் கேட்டுக்கொண்டபடி எழுதித் தரப்பட்டது.)

 

"ஏதாவது பயனுள்ள விஷயமாகப் பேசுங்கள்" என்று செயலாளர் சொன்னார். கூடவே, "பத்து நிமிஷத்துக்கு மேல போகாதீங்க, சாப்பாடு ஆறிடும்" என்றும் சொன்னார். 1971 முதல் 1974 வரை இந்தக் கல்லூரியில் பி.எஸ்ஸி. கணிதம் படித்தவன் நான். பிறகு புள்ளியியல் படித்து, முப்பது வருஷத்துக்கு மேல் தொழிற்சாலைகளில் தரக் கட்டுப்பாட்டு வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். எனக்குத் தெரிந்தது ஒரே ஒரு கணக்குத்தான். ஒரு பையிலிருந்து ஒவ்வொன்றாக எடுக்க வேண்டும், எடுத்ததைத் திரும்பப் போடக் கூடாது. அப்படி எடுத்தால் என்ன வரும்? இதைத்தான் பேசப் போகிறேன். கணக்கு என்றதும் பின்வரிசையில் சிலர் எழுந்திருக்கப் பார்க்கிறீர்கள். உட்காருங்கள், கதையும் இருக்கிறது.

1972-ஆம் ஆண்டு, ஜூன் மாத இறுதி. நம் விடுதியில் எங்கள் பத்துப் பேருக்குப் பத்து ஒற்றை அறைகள் ஒதுக்கியிருந்தார்கள். அவற்றில் மூன்றில் மட்டும்தான் மின்விசிறி. யாருக்கு எந்த அறை என்று சண்டை வந்தது. வார்டன் ஒரு பித்தளைச் சொம்பைக் கொண்டுவரச் சொன்னார். பத்துச் சீட்டு எழுதி, மூன்றில் 'வி' என்று போட்டு, மடித்துக் குலுக்கினார். வரிசை எண் பிரகாரம் ஒவ்வொருவராக எடுத்தோம். எடுத்ததும் பிரித்துப் பார்த்தோம். என் நெருங்கிய நண்பனுடைய பெயர் வரிசையில் கடைசி. அவன் முறை வருவதற்குள் மூன்று விசிறியும் போய்விட்டது. மிஞ்சிய வெற்றுச் சீட்டை எடுத்தவன், அதைக் கிழித்துப் போட்டுவிட்டுக் கத்தினான்: "எல்லாரும் பொறுக்கி எடுத்தப்புறம் மிச்சத்தை எடுக்கிறது ஒரு சான்ஸா? இது அநியாயம்!"

விசிறி அறை எனக்குக் கிடைத்திருந்தது. நான் வரிசையில் இரண்டாவது ஆள். அன்றிலிருந்து இரண்டு வாரம் அவன் என்னோடு பேசவில்லை.

விஷயம் எங்கள் பேராசிரியர் காதுக்குப் போனது. அடுத்த வகுப்பில் சாக்பீஸை எடுத்தார். "முதல் ஆளுக்கு விசிறி கிடைக்கிற நிகழ்தகவு என்னப்பா?" என்றார். பத்தில் மூன்று, 3/10 என்றோம். "ரெண்டாவது ஆளுக்கு?" என்று கேட்டு என்னைப் பார்த்தார். எனக்கு வாய் வரவில்லை. அவரே போட்டார்.

முதல் ஆள் விசிறி எடுத்திருந்தால் மீதி ஒன்பது சீட்டில் விசிறி இரண்டு. அதற்கு 3/10 × 2/9, அதாவது 6/90. முதல் ஆள் வெறும் சீட்டு எடுத்திருந்தால் ஒன்பதில் மூன்றும் அப்படியே இருக்கும். அதற்கு 7/10 × 3/9, அதாவது 21/90. இரண்டையும் கூட்டினால் 27/90. சுருக்கினால் மறுபடியும் 3/10!

மூன்றாவது ஆளுக்குப் போட்டாலும் அதே 3/10. பத்தாவது ஆளுக்கும் அதேதான். என் நண்பன் எழுந்து, "சார், எனக்கு முன்னாடியே மூணும் போயிடுச்சே, எனக்கு ஏது சான்ஸ்?" என்றான். அதற்கு அவர் சொன்ன பதிலை இன்றுவரை நான் மறக்கவில்லை.

"பத்துப் பேரும் எடுத்துட்டு, பிரிக்காம கையை மூடி வச்சிருங்க. இப்போ சொல்லு, உன் கையில இருக்கிற சீட்டுக்கும் முதல் ஆள் கையில இருக்கிற சீட்டுக்கும் என்ன வித்தியாசம்? பத்துச் சீட்டில் எது வேணும்னாலும் உன் கைக்கு வந்திருக்கலாம். நீங்க பிரிச்சுப் பிரிச்சுப் பார்த்தீங்க, அதனால சேதி மாறிச்சு. ஆரம்பத்துல இருந்த வாய்ப்பு மாறலை. முதல் ஏழு பேரும் வெறும் சீட்டு எடுத்திருந்தா, கடைசி மூணு பேருக்கும் விசிறி நிச்சயம். அப்போ நீ அநியாயம்னு கத்தியிருப்பியா?"

வகுப்பே சிரித்தது. அவனும் சிரித்துவிட்டான். சாயங்காலம் என் அறைக்கு வந்து விசிறிக்குக் கீழே படுத்துக்கொண்டான். அந்த வருஷம் முழுக்க அங்கேதான் படுத்திருந்தான் என்பது வேறு விஷயம்.

மாணவ மாணவியருக்காக ஒரு சின்னக் கணக்கு. ஒரு பையில் 5 சிவப்புக் கோலி, 3 வெள்ளைக் கோலி. இரண்டு எடுக்கிறோம். இரண்டும் சிவப்பாக இருக்க நிகழ்தகவு என்ன? எடுத்ததைத் திரும்பப் போட்டால் 5/8 × 5/8 = 25/64. திரும்பப் போடாவிட்டால் 5/8 × 4/7 = 20/56. மேலே ஒன்று குறைகிறது, கீழேயும் ஒன்று குறைகிறது. விஷயம் இவ்வளவுதான். ஆனால் பரீட்சையில் பலர் மேலே குறைத்துவிட்டுக் கீழே குறைக்க மறந்துவிடுகிறார்கள். நானும் மறந்தவன்தான்.

ஒன்று சிவப்பு, ஒன்று வெள்ளை என்று கேட்டால் 5/8 × 3/7 = 15/56 என்று எழுதி நிறுத்திவிடக் கூடாது. சிவப்பு முதலில் வரலாம், வெள்ளை முதலில் வரலாம். ஆகவே இரண்டு மடங்கு, 30/56. இரண்டும் வெள்ளை என்றால் 3/8 × 2/7 = 6/56. இப்போது மூன்றையும் கூட்டிப் பாருங்கள்: 20 + 30 + 6 = 56. முழுசாக ஒன்று வந்துவிட்டது. வராவிட்டால் எங்கேயோ ஒரு கோலி தொலைந்துவிட்டது என்று அர்த்தம். 'குறைந்தது ஒன்றாவது சிவப்பு' என்று கேட்டால் சுற்றி வளைக்காதீர்கள். ஒன்றுமே சிவப்பாக இல்லாததைக் கண்டுபிடித்து ஒன்றிலிருந்து கழியுங்கள்: 1 - 6/56 = 50/56.

இதெல்லாம் பரீட்சைக் கணக்கு. ஊர்க் கணக்கில் இது எங்கே வருகிறது? தொலைவில் போக வேண்டாம். காஞ்சிபுரம் மாவட்டத்து உத்திரமேரூருக்குப் போங்கள். அங்கே வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் உள்ளன. ஏறத்தாழ கி.பி. 919, 921-ஆம் ஆண்டுகளைச் சேர்ந்தவை. குடவோலை முறையைப் பள்ளிக்கூடத்தில் எல்லோரும் படித்திருக்கிறோம். ஊரை முப்பது குடும்புகளாகப் பிரித்து, தகுதியுள்ளவர்கள் பெயரை ஓலையில் எழுதிக் குடத்தில் போட்டு எடுத்தார்கள். நிலமும் வீடும் வேதப் படிப்பும் உள்ளவர்களுக்கு மட்டுமே அங்கே இடம் இருந்தது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும்.

ஆனால் நான் சொல்ல வருவது, அதில் இருக்கும் கணக்கு அறிவு. ஓலையை எடுப்பது விவரம் அறியாத சிறுவன். ஒரு குடும்பின் ஓலைக்கட்டை எடுத்து, வேறொரு வெறுங்குடத்தில் போட்டு, கலக்கி, அதன் பிறகுதான் ஓர் ஓலை எடுக்க வேண்டும். வாங்குபவர் ஐந்து விரலையும் விரித்து உள்ளங்கையில் வாங்க வேண்டும். கையில் வேறு ஓலையை ஒளித்துவைக்க வழியில்லை! இன்னொன்று பாருங்கள். கடந்த மூன்று ஆண்டுகளில் வாரியத்தில் இருந்தவர் பெயர் குடத்துக்குள் போகக் கூடாது. எடுத்த ஓலையை உடனே திரும்பப் போடாதே என்று ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்பே கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். அதனால்தான் மற்றவர்களுக்கும் முறை வந்தது.

கலக்குவது ஏன் அவ்வளவு முக்கியம்? அதற்கு இன்னொரு நாட்டுக் கதை. வியட்நாம் போர் நடந்த சமயம். 1969 டிசம்பர் 1 அன்று அமெரிக்காவில் யாரை முதலில் ராணுவத்துக்கு அழைப்பது என்று சீட்டுக் குலுக்கினார்கள். லீப் வருஷத்துத் தேதியையும் சேர்த்து 366 பிறந்த தேதிகள், 366 பிளாஸ்டிக் குப்பிகள். எடுத்த குப்பியைத் திரும்பப் போடுவதில்லை. முதலில் வந்த தேதி செப்டம்பர் 14. 1944 முதல் 1950 வரை அந்தத் தேதியில் பிறந்த இளைஞர்கள்தான் வரிசையில் முதல். குலுக்கல் முடிந்த பிறகு கணக்குத் தெரிந்தவர்கள் உட்கார்ந்து பார்த்தார்கள். டிசம்பர் மாதத்தின் 31 தேதிகளில் 26 தேதிகள் முதல் பாதியிலேயே வந்திருந்தன! குப்பிகளை மாத வரிசைப்படி போட்டிருக்கிறார்கள், சரியாகக் கலக்கவில்லை. கடைசியில் போட்ட மாதங்கள் மேலாகவே தங்கிவிட்டன. அடுத்த ஆண்டு தேதிகளுக்கு ஓர் உருளை, எண்களுக்கு ஓர் உருளை என்று முறையையே மாற்றினார்கள். ஆனால் முதல் வருஷம் டிசம்பரில் பிறந்த பையன்களுக்கு அதனால் என்ன பயன்? வாய்ப்பு சமம் என்று நாம் காகிதத்தில் எழுதலாம். சொம்பை நன்றாகக் குலுக்கினால்தான் அது சமம்.

இப்போது என் சொந்தக் கதைக்கு வருகிறேன். இதை இதுவரை எந்த மேடையிலும் சொன்னதில்லை.

1981. நான் ஒரு தொழிற்சாலையில் தரப் பரிசோதனைப் பிரிவில் சூப்பர்வைசர். தண்ணீர் பம்ப்புக்கான ஷாஃப்ட் செய்யும் இடம். ஐம்பது ஐம்பதாகப் பெட்டியில் வரும். ஒவ்வொரு பெட்டியிலும் ஐந்தை எடுத்து மைக்ரோமீட்டரில் அளக்க வேண்டும். ஐந்தும் சரியாக இருந்தால் பெட்டி போகலாம். இதுதான் விதி. அளக்கும் வேலையில் ஐ.டி.ஐ. முடித்துவிட்டுப் பயிற்சிக்கு வந்த ஒரு பையன் இருந்தான். இருபது வயசு இருக்கும்.

ஒரு நாள் வெளியூர் வாடிக்கையாளரிடமிருந்து ஒரு பெட்டி திரும்பி வந்தது. ஐம்பதில் ஐந்து ஷாஃப்ட் அளவு குறைவு. பெட்டியில் பையனுடைய கையெழுத்து. மேனேஜர் என்னிடம் அறிக்கை கேட்டார். பையனைக் கூப்பிட்டு விசாரித்தேன். "சார், அஞ்சையும் அளந்தேன் சார். அஞ்சும் சரியாத்தான் இருந்துச்சு" என்றான். நான் நம்பவில்லை. பத்துக்கு ஒன்று கெட்டது கிடக்கும் பெட்டியில் ஐந்து எடுத்தால் ஒன்றுகூடவா சிக்காது? அளக்காமலே கையெழுத்துப் போட்டிருக்கிறான் என்று முடிவு கட்டினேன். அப்படியே எழுதிக் கொடுத்தேன். மெமோ போனது. பயிற்சியிலிருந்து நீக்கிவிட்டார்கள். அவன் போகும்போது என்னைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுப் போனான்.

அதற்கு ஏழெட்டு நாள் கழித்து, பக்கத்து வீட்டுப் பெண் பிளஸ் டூ கணக்கு நோட்டோடு வந்தது. "அங்கிள், ஒரு பெட்டியில 20 பல்பு, 4 பழுது. 3 எடுத்தா ஒண்ணுகூடப் பழுதா இல்லாம இருக்க நிகழ்தகவு என்ன?" என்று கேட்டது. 16/20 × 15/19 × 14/18 என்று போட்டேன். சுருக்கினால் 28/57. கிட்டத்தட்டப் பாதி. "பாதித் தடவை பழுதே சிக்காதா அங்கிள்?" என்று அந்தப் பெண் சாதாரணமாகக் கேட்டது. "ஆமாம்மா" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். பிறகு அதே காகிதத்தில் என் பெட்டியின் எண்களைப் போட்டேன்.

45/50 × 44/49 × 43/48 × 42/47 × 41/46.

பெருக்கிப் பார்த்தால் 0.577. நூற்றுக்கு ஐம்பத்தேழு, ஐம்பத்தெட்டுத் தடவை, ஒழுங்காக அளந்த ஆளுக்கும் அந்த ஐந்தில் ஒன்றுகூடச் சிக்காது! பையன் சொன்னது பொய் என்று நினைக்க எனக்கு எந்தக் காரணமும் இல்லை. புள்ளியியல் படித்தவன் நான். படித்த கணக்கை ஒரு நிமிஷம் போட்டுப் பார்க்காமல் ஒருவன் வேலைக்கு உலை வைத்தவனும் நான்தான்.

மறுநாள் மேனேஜரிடம் காகிதத்தைக் காட்டினேன். "கணக்கெல்லாம் பரீட்சைக்குப்பா" என்று ஒதுக்கிவிட்டார். அதற்கடுத்த நாள் ஒரு டிபன் பாக்ஸில் 45 புது நட்டும், அதே அளவில் துருப்பிடித்த நட்டு ஐந்தும் போட்டு எடுத்துக்கொண்டு போனேன். "சார், கண்ணை மூடிக்கிட்டு அஞ்சு எடுங்க" என்றேன். எடுத்தார். துரு இல்லை. எல்லாவற்றையும் திரும்பப் போட்டுக் குலுக்கி மறுபடியும் எடுக்கச் சொன்னேன். இப்படிப் பத்துத் தடவை. ஆறு தடவை ஒரு துரு நட்டுகூட வரவில்லை. அவர் டிபன் பாக்ஸை மூடி வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "அந்தப் பையனுக்கு லெட்டர் போடு" என்றார்.

போட்டேன். 'விலாசதாரர் இல்லை' என்று திரும்பி வந்தது. அவனோடு ஐ.டி.ஐ.யில் படித்தவர்களிடம் விசாரித்தேன். வெளியூர் போய்விட்டான் என்றார்கள், எந்த ஊர் என்று யாருக்கும் தெரியவில்லை. அவனை நான் மறுபடி பார்க்கவே இல்லை.

பரிசோதனை விதியை மட்டும் மாற்றினோம். ஐம்பதில் ஐந்துக்குப் பதில் பத்து அளந்தால், கெட்டது ஒன்றுகூடச் சிக்காமல் போகும் வாய்ப்பு 0.31-ஆகக் குறைகிறது. இருபது அளந்தால் 0.067. நூற்றுக்கு ஏழு தடவைகூட இல்லை. இருபது என்று வைத்தோம். வேலை நான்கு மடங்கு ஆனது. ஆனால் அதற்குப் பிறகு அந்தப் பிரிவில் யாரையும் சந்தேகத்தின் பேரில் வெளியே அனுப்பவில்லை.

இங்கே மாணவர்கள் ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். சிலர் சுலபமாக இருக்கட்டும் என்று, கெட்டது பத்தில் ஒன்று, நல்லது 0.9, ஆகவே 0.9-ஐ ஐந்து தடவை பெருக்கு என்பார்கள். அது திரும்பப் போட்டு எடுக்கும் கணக்கு. விடை 0.59. உண்மையான 0.577-க்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. ஆனால் இருபது எடுக்கும்போது அந்தக் குறுக்குவழி 0.12 என்று சொல்லும். உண்மை 0.067. ஏறத்தாழ இரண்டு மடங்கு தப்பு. பெட்டி பெரிசாகவும் எடுப்பது கொஞ்சமாகவும் இருந்தால் குறுக்குவழி பரவாயில்லை. பெட்டியில் பெரும்பகுதியை எடுக்கிறீர்கள் என்றால் ஆகாது. திரும்பப் போடாமல் 46 ஷாஃப்ட்டை அளந்துவிட்டால் ஒரு கெட்டதாவது கட்டாயம் சிக்கும், ஏனென்றால் நல்லது 45-தான் இருக்கிறது. திரும்பப் போட்டுப் போட்டு எடுத்தால் நூறு தடவை எடுத்தாலும் நிச்சயம் என்று சொல்ல முடியாது.

இன்றைக்குக் கைபேசியில் எண்களைத் தட்டினால் விடை வந்துவிடும். நல்லதுதான். ஆனால் எந்தக் கணக்கைப் போட வேண்டும் என்று யோசிக்க வேண்டியது நாம்தான். ஒருவரைக் குற்றவாளி என்று சொல்லும் முன், "குற்றம் செய்யாதவனுக்கும் இப்படி நடக்க எவ்வளவு வாய்ப்பு?" என்று ஒரு தடவை கேட்டுக்கொள்ளுங்கள். நாளைக்கு நீங்கள் அதிகாரி ஆவீர்கள், ஆசிரியர் ஆவீர்கள், மருத்துவப் பரிசோதனைக் கூடத்தில் இருப்பீர்கள். உங்கள் கையெழுத்தில் ஒருவர் பிழைப்பு இருக்கும். பி.எஸ்ஸி. இரண்டாம் ஆண்டிலேயே எனக்குச் சொல்லித் தந்ததை, தேவைப்பட்ட நாளில் நான் போட்டுப் பார்க்கவில்லை. அந்தக் கடன் எனக்கு இன்னும் தீரவில்லை. அதனால்தான் வருஷா வருஷம் இங்கே வந்து இரண்டாம் ஆண்டு மாணவர்களுக்கு இந்த ஒரு பாடத்தை மட்டும் நடத்திவிட்டுப் போகிறேன். டிபன் பாக்ஸும் நட்டும் இப்போதும் கொண்டு வந்திருக்கிறேன். விருப்பமுள்ளவர்கள் சாப்பாட்டுக்குப் பிறகு வந்து எடுத்துப் பார்க்கலாம்.

கடைசியாக ஒன்று. எங்கள் வகுப்பில் நாங்கள் முப்பத்தெட்டுப் பேர். இன்று இந்த அரங்கில் பதினான்கு பேர் இருக்கிறோம். சிலர் தூரத்து ஊர்களில் இருக்கிறார்கள். சிலர் இல்லை. விளக்கிய பேராசிரியரும் இல்லை. அந்தச் சீட்டுகள் திரும்பக் குடத்துக்குள் வரப் போவதில்லை. ஆகவே இருக்கிறவர்கள் வருஷத்துக்கு ஒரு தடவையாவது வந்துவிடுங்கள் என்று சங்கத்தின் சார்பில் கேட்டுக்கொள்கிறேன்.

கடைசிச் சீட்டை எடுத்துக் கத்திய என் நண்பன் அதோ மூன்றாவது வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறான். மேலே ஓடுகிற மின்விசிறிக்கு நேர் கீழே இடம் பிடித்திருக்கிறான், கவனியுங்கள்.